முல்லைப் பெரியாறு அணைக் கல்லறைத் தோட்டம்

முல்லைப் பெரியாறு அணைக் கல்லறைத் தோட்டம் என்பது, 1887 முதல் 1895 வரை அந்த அணையைக் கட்டிய காலத்தில் நோயுற்று இறந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடமாகும். இது அணைக்குச் சற்று வடக்கே, காட்டின் நடுவே அமைந்துள்ளது. அணைப் பணியின்போது நோயால் இறந்தோர் 483 பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் அணை இது. அந்தத் தண்ணீருக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவிடம் என்ற வகையில், இக்கல்லறைத் தோட்டம் தமிழக வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒன்றாகும்.

அமைவிடம்

முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்திற்கு அருகே அணை கட்டப்பட்டதால் அதற்கு இப்பெயர் வந்தது. இது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 881 மீட்டர் உயரத்தில், கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. அணையைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாட்டின் நீர்வளத் துறையாகும்.

பெரியாறு, சிவகிரி மலைப்பகுதியில் தோன்றுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் உள்ள செட்டியார்பட்டி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் நின்று மேற்கே பார்த்தால் நீல நிறத்தில் தெரிவது இதே மலைத்தொடர்தான். மலையின் கிழக்குச் சரிவில் விழும் மழை வைப்பாற்றுப் படுகைக்கு இறங்குகிறது. உச்சிக்கு அப்பால் மேற்குச் சரிவில் விழும் மழை பெரியாற்றில் சேர்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும், 1978 முதல் புலிகள் காப்பகமாக உள்ள பெரியாறு வனப்பகுதியும் ஒன்றையொன்று ஒட்டியுள்ளன. ஆகவே இக்கல்லறைத் தோட்டம் நம் கண்ணுக்குத் தெரியும் மலையின் மறுபக்கத்தில் உள்ளது எனலாம்.

அணைப் பகுதிக்குத் தேக்கடியிலிருந்து ஏரி வழியாகப் படகிலோ, வல்லக்கடவு வழியாக வனப்பாதையிலோ செல்ல வேண்டும். காப்பகத்திற்குள் இருப்பதாலும், அணையின் பாதுகாப்பு கருதியும், பொதுமக்கள் அங்கே தாமாகச் செல்ல அனுமதி இல்லை. தேக்கடிக்குச் சுற்றுலா செல்பவர்கள் ஏரியையும் யானைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இக்கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டதில்லை.

சொல் விளக்கம்

இறந்தோரை அடக்கம் செய்யும் இடத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. உடலைப் புதைக்கும் இடம் இடுகாடு. எரிக்கும் இடம் சுடுகாடு. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்படும் சமாதி கல்லறை. போரிலோ ஊரைக் காப்பதிலோ உயிர்விட்ட வீரனுக்காக நடப்படும் கல் நடுகல். அதன் அடியில் உடல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐரோப்பியர் வருகைக்குப் பின், மதில் சூழ்ந்த புதைவிடத்தைக் 'கல்லறைத் தோட்டம்' என அழைக்கும் வழக்கம் கிறித்தவ மக்களிடையே பரவியது. இன்று அது எல்லோரும் அறிந்த சொல்லாகிவிட்டது.

குடியிருப்பே இல்லாத ஓர் இடத்திற்கு முதன்முதலில் சென்று வேலை தொடங்கியவர்களின் கல்லறைகளை, வெளிநாடுகளில் 'முன்னோடிகளின் கல்லறைத் தோட்டம்' என்று தனியாகக் குறிப்பிட்டுப் பாதுகாக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் சிற்றூர்களில் இத்தகைய இடங்கள் பல உள்ளன. பெரியாற்றுக் கல்லறைத் தோட்டமும் அந்த வகையைச் சேர்ந்ததே. இங்கே 'முன்னோடி' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. அணைப் பணியில் ஈடுபட்ட படைப்பிரிவின் பெயரே மதராஸ் பயனியர் படை. பயனியர் என்றால் முன்னோடி.

அணைக்கு முந்தைய முயற்சிகள்

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி, வறண்ட வைகைப் படுகைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு முன்பே தமிழருக்குத் தோன்றியது. 1789இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்தார். ஆகும் செலவு பெரிதாக இருந்ததால் திட்டம் கைவிடப்பட்டது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், இது நடக்கக்கூடிய காரியம் அன்று என அறிக்கை தந்தார்.

1850இல் சிறிய அளவில் ஓர் அணை கட்டும் முயற்சி தொடங்கியது. காட்டின் நோய்ச்சூழலைக் கண்ட கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டனர். வேலை நின்றுபோயிற்று. இந்தச் சிறு நிகழ்ச்சி கவனிக்கத் தக்கது. அந்தக் காட்டில் வேலை செய்வது உயிரைப் பணயம் வைப்பதாகும் என்பதை, பெரிய அணை தொடங்குவதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே உழைப்பாளிகள் அறிந்திருந்தனர்.

1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. தாது வருடத்தில் தொடங்கியதால் மக்கள் இதைத் 'தாது வருசப் பஞ்சம்' என்றனர். பல லட்சம் பேர் மாண்டனர். அதன் பின்னரே பாசனத் திட்டங்களுக்கு அரசு முன்னுரிமை தந்தது. 1882இல் பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கிடம் பெரியாற்றுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு வழங்கப்பட்டது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீரில் மூழ்கும் 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை என முடிவாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது.

கட்டுமானமும் பணியாளர்களும்

அணையின் நீளம் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. சிமெண்ட் பரவலாகப் புழக்கத்திற்கு வராத காலம் அது. சுண்ணாம்பையும் செங்கல் தூளாகிய சுர்க்கியையும் சேர்த்து அரைத்த காரையில் கல்லைக் கலந்து அணையின் உட்பகுதியை நிரப்பினர். வெளிமுகங்களைக் கருங்கல் கட்டடமாக எழுப்பினர். தேங்கும் நீரைக் கிழக்கே கொண்டுவர, மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளத்திற்குச் சுரங்கம் வெட்டினர்.

இத்தனைக்கும் தேவையான பொருள்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏற வேண்டியிருந்தது. மாட்டுவண்டிகளும், கம்பிவட இழுவையும், மேலே ஆற்றில் படகுகளும் பயன்பட்டன. கட்டிக்கொண்டிருக்கும்போதே மழைக்காலம் வரும். ஆற்றில் வெள்ளம் புரளும். தற்காலிகத் தடுப்புகள் அடித்துச் செல்லப்படும். மழை நின்ற பிறகு மீண்டும் தொடங்குவார்கள்.

சென்னை இராணுவத்தின் மதராஸ் பயனியர் படையைச் சேர்ந்த 1ஆம், 4ஆம் பட்டாலியன் வீரர்கள் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். பயனியர் படையினர் போர்ப் பயிற்சியோடு, படைக்கு முன்னே சென்று காட்டை வெட்டிப் பாதை அமைக்கவும், பாலம் கட்டவும் பழகியவர்கள். கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தனர். மதுரைச் சீமையிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மண் வேலைக்கும் கல் வேலைக்கும் கூலியாட்கள் மலையேறினர். 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும்

பணியாளர்களைக் கொன்றவற்றுள் முதன்மையானவை மலேரியாவும் காலராவும் ஆகும். மலேரியாவை அக்காலத்தில் மலைக்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்றும், காலராவை வாந்திபேதி என்றும் மக்கள் அழைத்தனர்.

மலேரியாக் கிருமியை 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் கண்டறிந்திருந்தார். ஆனால் அது மனிதனுக்கு எப்படி வருகிறது என்பது தெரியவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று படித்தவர்களும் நம்பினர். காட்டுத் தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்றும் சிலர் கருதினர். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்த ஆண்டு 1897. அதாவது அணை திறந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை வெளிப்பட்டது.

இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் அங்கே நடந்தது என்ன என்பது விளங்கும். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு இனம், மெதுவாக ஓடும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி வெயில் படும்படி செய்ததும், மண் எடுத்த குழிகளில் தண்ணீர் தேங்கியதும் கொசு பெருக ஏதுவாயின. பக்கத்திலேயே குடிசைகளில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கமாகத் தங்கினர். நோயுற்ற ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கிருமியைக் கொண்டுசெல்லக் கொசுவுக்கு அதிக தூரம் பறக்க வேண்டியிருக்கவில்லை. கொசுவலை கட்டினால் பிழைக்கலாம் என்று சொல்வதற்கு அன்று யாருக்கும் தெரியாது.

மருந்தாகக் கொய்னா இருந்தது. நீலகிரி மாவட்டம் நடுவட்டத்தில் அரசின் சின்கோனாத் தோட்டமும் ஆலையும் நடைபெற்றுவந்தன. சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுக்கப்பட்டது. அது காய்ச்சலை அடக்கும். ஆனால் மீண்டும் கொசு கடித்தால் மீண்டும் காய்ச்சல் வரும். தொடர்ந்து காய்ச்சலில் அடிபட்டவர்கள் இரத்தம் குன்றி மெலிந்து, பிற நோய்களுக்கும் எளிதில் பலியாயினர்.

காலராவின் கிருமியை இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். அசுத்தமான குடிநீரின் வழியாக அது பரவுகிறது என்பதும் தெரியத் தொடங்கியிருந்தது. ஆயினும் ஒரே ஆற்றின் கரையில் குடிக்கவும் குளிக்கவும் கழிக்கவும் வேண்டிய முகாமில் அதைத் தடுப்பது எளிதாக இருக்கவில்லை. இழந்த நீரையும் உப்பையும் உடலில் ஏற்றினால் காலரா நோயாளி பிழைப்பார் என்ற சிகிச்சை முறை இருபதாம் நூற்றாண்டில்தான் வளர்ந்தது. காலையில் வேலைக்குப் போனவர் மறுநாள் உயிரோடு இல்லை என்பது அக்காலக் காலராவின் இயல்பு.

குளிரையும் காய்ச்சலையும் தாங்கப் பணியாளர்களுக்குச் சாராயம் தரப்பட்டது. பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை 1899இல் நூலாக எழுதிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி, நாட்டுச் சாராயத்தின் மருந்துக் குணம் இல்லாவிட்டால் அணை முடிந்திருக்காது என்ற கருத்தைப் பதிவு செய்துள்ளார். சாராயம் மலேரியாவைக் குணப்படுத்தாது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய முகாமின் நிலைமைக்கு அந்தக் கூற்று ஒரு சான்று, அவ்வளவே.

483 என்னும் எண்

நோயால் இறந்தோர் 483 பேர். இந்த எண்ணை மனத்தில் பதிக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் என்றால், 12 வகுப்புகளை நிரப்பிய பிறகும் 3 பேர் மீதி இருப்பார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் 483 பேர் என்றால், சராசரியாக மாதத்திற்கு 5 பேர். கொள்ளைநோய் சராசரிக் கணக்குப்படி வருவதில்லை. சில மாதங்கள் ஒருவரும் இறக்காமல் கழிந்து, சில வாரங்களில் பலர் ஒன்றாக இறந்திருக்கக் கூடும்.

இது நோயால் இறந்தோரின் கணக்கு மட்டுமே என்பதும் கவனிக்க வேண்டியது. காய்ச்சலோடு மலையிறங்கி, தம் ஊரில் வந்து இறந்தவர்கள் அணைக்கட்டின் கணக்கில் சேர வழியில்லை. ஆகவே அணை வாங்கிய உயிர்கள் 483க்குக் குறையாது என்று கொள்வதே பொருத்தம்.

முல்லைப் பெரியாறு அணை என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வரும் எண்கள் வேறு. 136 அடி, 142 அடி, 152 அடி என்ற நீர்மட்ட அளவுகளைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர். 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. இந்த எண்கள் பேசப்படும் அளவில் 483 என்ற எண் பேசப்படுவதில்லை. அந்த 483 பேரின் பெயர்களோ எந்தப் பாடநூலிலும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தின் சூழல்

பெரியாற்றுக் காடு, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுவது. ஆண்டின் பெரும்பகுதி ஈரம் காயாத நிலம். மழைக்காலத்தில் அட்டைகள் நெளியும். யானை, காட்டெருமை, மிளா ஆகியவை நீர் அருந்த ஏரிக்கரைக்கு வரும். சோலைக்குருவியின் சீழ்க்கை ஒலியும், கருமந்தியின் உறுமலும் தவிர மனிதக் குரல் கேட்பது அரிது. 130 ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கல் உடைத்தும், சுண்ணாம்பு அரைத்தும், வடம் இழுத்தும் எழுப்பிய இரைச்சல் நிறைந்திருந்தது. முகாம்கள் கலைந்தபின் காடு மீண்டும் தன் இடத்தை எடுத்துக்கொண்டது.

இத்தகைய இடத்தில் கல்லறைகள் எவ்வாறு அழிகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. ஏழைகளுக்கு எழுப்பப்படுவது பெரும்பாலும் வெறும் மண் மேடு. உடல் மக்கியதும் உள்ளே குழி ஏற்பட்டு மேடு அமுங்கும். சில மழைக்காலங்களில் மண் கரைந்து தரையோடு சமமாகிவிடும். தலைமாட்டில் நட்ட மரக்குறியைக் கறையான் தின்றுவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கல்லறை ஓரளவு தாங்கும். ஆனால் காரையின் விரிசலில் பறவை எச்சத்திலிருந்து ஆல், அத்தி போன்ற விதைகள் முளைத்து, வேர் பருத்து, கட்டடத்தைப் பிளந்துவிடும். வெட்டிய கருங்கல்லில் பெயர் பொறித்தவை மட்டுமே நூறாண்டு கடந்தும் படிக்கக் கூடியவையாக நிற்கும். அதிலும் பாசி படர்ந்தால் எழுத்து மறையும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் எஞ்சி நிற்கும் கற்களை மட்டும் எண்ணி, அங்கே அடங்கியவர்கள் யார் என்று முடிவு செய்யக் கூடாது. கல் வாங்க வசதி இருந்தவர்களே கல்லில் எஞ்சுகிறார்கள். மற்றவர்கள் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள். அடையாளம் மட்டும் இல்லை.

பயனியர் படையினரின் நினைவைப் பேணப் படைப்பிரிவாவது இருந்திருக்கலாம். 1903இல் இந்தப் படைப்பிரிவுகள் 61ஆம், 64ஆம் பயனியர் எனப் பெயர் மாற்றம் பெற்றன. 1933இல் இந்திய இராணுவத்தின் பயனியர் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. தங்கள் முன்னோர் என்று சொல்லி ஆண்டுதோறும் மலர் வைக்க அந்தப் படைப்பிரிவே இல்லாமற் போயிற்று.

பென்னிகுவிக்கின் கல்லறை

அணையைக் கட்டிய தலைமைப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தவர். 1911 மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார். ஃபிரிம்லி என்ற ஊரில் உள்ள புனித பீட்டர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர்மீது தேனி மாவட்ட மக்கள் வைத்திருக்கும் அன்பு பெரிது. வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் அவர் படம் மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்கள் உண்டு. தைப்பொங்கலை ஒட்டி வரும் அவருடைய பிறந்தநாளில் பொங்கலிட்டு வழிபடும் ஊர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் தமிழ்நாடு அரசு கட்டிய மணிமண்டபம் 2013 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2022இல் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. இலண்டன் செல்லும் தமிழர் பலர் ஃபிரிம்லி சென்று அவர் கல்லறையில் மலர் வைத்து வருகின்றனர்.

வெள்ளத்தில் வேலை சிதைந்து அரசு பணம் தர மறுத்தபோது, பென்னிகுவிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. இது மக்களின் நன்றியிலிருந்து பிறந்த செவிவழிச் செய்தியாகவே கொள்ளத் தக்கது. அணை அரசுப் பணத்தில் கட்டப்பட்டது. இந்தக் கதை இல்லாமலும் அவருடைய உழைப்பும் உறுதியும் மதிப்புக்குரியவையே.

அவர் பெற்ற மரியாதை குறைய வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் வகுப்பறையில் "இந்த அணையைக் கட்டியவர் யார்?" என்று கேட்டால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள கல்லறையைத் தேடிச் சென்று வணங்கும் நாம், அணைக்கு அருகிலேயே கிடக்கும் நம் ஊர்க்காரர்களைத் தேடவில்லை. வணங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. யாரை வணங்குவது என்று சொல்லப் பெயர்ப்பட்டியல்தான் நம் கையில் இல்லை.

பெயர் பொறிக்கும் மரபு

இறந்தவர் பெயரைக் கல்லில் பொறிப்பது இந்த வட்டாரத்திற்குப் புதிதன்று. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவினர் தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டறிந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என மதிப்பிடப்படும் இக்கற்கள், இந்தியாவில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழமையானவையாகக் கருதப்படுகின்றன.

அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடுகளைக் கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுக்காக நடப்பட்டது. அந்தக் கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் உள்ள கூடலூராக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பெரியாற்று நீர் மலையிறங்கி முதலில் வந்து சேரும் வட்டாரம் அதுதான். மாட்டுச் சண்டையில் மாண்ட ஒரு சாதாரண வீரனின் பெயரை அன்றே கல்லில் வெட்டி வைத்த மண் இது. அந்தப் பெயரை நாம் இன்றும் படிக்கிறோம். 130 ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்காக மாண்ட 483 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குப் பாடமாகவில்லை.

தற்காலத்திலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. முதல் உலகப் போரின்போது, 1917இல் பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடு இன்றி, இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரே அளவான கல், அதில் அவர் பெயர் என்பது அந்த ஆணையத்தின் கொள்கை. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 850க்கும் மேற்பட்ட கல்லறைகள் இம்முறையில் வரிசையாக அமைந்துள்ளதைக் காணலாம். சென்னைக்குச் செல்லும் மாணவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

இந்தக் கொள்கையும் எல்லோரையும் எட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942-43ஆம் ஆண்டுகளில், சயாம்-பர்மா இரயில் பாதை அமைத்தபோது போர்க் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் பெருந்தொகையில் மாண்டனர். அவர்களையும் கொன்றவை மலேரியாவும் காலராவும் பசியும்தான். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு 6,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் பெயரோடு பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் பெயரில்லாக் குழிகளில் புதைந்து கிடக்கின்றனர். இராணுவத்தின் கணக்கில் இருந்தவனுக்குக் கல் கிடைத்தது. கூலிக் கணக்கில் இருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. பெரியாற்றின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

பெயர்களைத் தேடும் வழிகள்

காலம் கடந்துவிட்டாலும் செய்யக் கூடியவை சில உண்டு. அக்காலத்துப் பொதுப்பணித் துறை, மருத்துவத் துறை, இராணுவம் ஆகியவற்றின் பதிவுகளைத் தேட வேண்டிய இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பயனியர் படையினர் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் என்பதால், அவர்களைப் பற்றிய குறிப்புகளைத் தேடுவது கூலியாட்களைத் தேடுவதை விட எளிது. கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, மற்றும் மதுரை மாவட்ட ஊர்களில் "எங்கள் பாட்டனாரின் தகப்பனார் பேரியாத்து அணை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை" என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கக் கூடும். 1890களில் இறந்தவருக்கு நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் இன்று முதியோராக இருப்பர். அவர்கள் சொல்வதைப் பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றோடு எழுதி வைக்க வேண்டும். செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றே குறித்துக்கொண்டால், பின்னால் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அணைப் பகுதிக்குச் செல்ல முடியாத மாணவர்கள் தங்கள் ஊர் இடுகாட்டிலிருந்தே தொடங்கலாம். செல்லும்போது பெரியவர் ஒருவரின் துணையும், ஊராரின் சம்மதமும் வேண்டும். பழைய கல்லில் உள்ள எழுத்தைப் படிக்க எண்ணெய் பூசுவதோ, சுண்ணக்கட்டியால் தேய்ப்பதோ, கம்பியால் சுரண்டுவதோ கூடாது. காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில் பார்த்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். படம் எடுத்து, இருப்பதை இருப்பபடியே எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது. கல் இல்லாத மேடுகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அங்கே இருப்பவர் யார் என்று ஊரில் வயதானவர்களைக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

முக்கியத்துவம்

பெரியாற்றுக் கல்லறைத் தோட்டம் சிற்ப அழகுக்கோ கட்டடச் சிறப்புக்கோ உரிய இடம் அன்று. அணை, பாலம், இரயில் பாதை, தேயிலைத் தோட்டம் ஆகியவை பொறியாளரின் திட்டத்தோடு சேர்ந்து பெயர் தெரியாத பலரின் உயிராலும் எழுந்தவை என்பதற்கு அது சான்றாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அணையிலிருந்து முதல்போகப் பாசனத்திற்குத் தண்ணீர் திறக்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளும் அதிகாரிகளும் மலர் தூவி வணங்குவது வழக்கம். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் 483 பேருக்காகவும் ஒரு கல் நடுவதும், கிடைக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக அதில் பொறித்து வருவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. தண்ணீர் திறக்கும் அன்று தூவும் மலரில் ஒரு கைப்பிடி அந்தக் கல்லுக்கும் சேரும்.